மாத்திரை சாப்பிட்டா ஜீன் மாறிடுமா?

போன மாசம் என் தம்பி போன் பண்ணினான். "அக்கா, ரிப்போர்ட் நார்மல். இனிமே எதுக்கு மாத்திரை? நிறுத்திட்டேன்"னான். வயசு 27, ஒல்லி, தினமும் ஓடுறவன். ஆனா எங்க அப்பாவுக்கு 41 வயசுல ஹார்ட் அட்டாக் வந்தது. மாத்திரை இல்லாம எங்க ரெண்டு பேருக்கும் எல்டிஎல் 200-க்கு மேலதான். 'வடை, பஜ்ஜியைக் குறைங்க'ன்னு எல்லாரும் சொல்வாங்க. வடை மேல குத்தம் இல்லீங்க, இது பரம்பரை.

அன்னைக்கு அவன்கிட்ட சொன்னதைத்தான் இந்த எபிசோட்ல சொல்லப்போறேன்.

கல்லீரல் செல்களின் மேல ரிசெப்டர்னு ஒரு புரதம் இருக்கு, கொக்கி மாதிரி. ரத்தத்தில் போகும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுப்பது அதன் வேலை. அந்தக் கொக்கியைச் செய்யும் ஜீனுக்குப் பேரு எல்டிஎல்ஆர். அம்மாகிட்ட இருந்து ஒரு பிரதி, அப்பாகிட்ட இருந்து ஒரு பிரதி. எங்களுக்கு அப்பா கொடுத்தது பழுது. அதனால் பிறந்ததிலிருந்தே எங்களுக்கு வேலை செய்யும் கொக்கி ஏறக்குறைய பாதிதான். உலகத்தில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரைக் கொலஸ்ட்ரால் உண்டு. பெரும்பாலும் இந்த ஜீன்தான் காரணம். இந்த ரிசெப்டரைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் ரெண்டு பேருக்கும் 1985-ல் நோபல் பரிசு.

சரி, மாத்திரை என்ன பண்ணுது? கல்லீரல் செல் சொந்தமா கொலஸ்ட்ரால் தயாரிக்கத் தேவையான ஒரு என்சைமை ஸ்டாட்டின் தடுக்கிறது. உள்ளே சரக்கு குறைஞ்சதும் செல் உஷாராகுது. எஸ்ஆர்ஈபிபி-2 என்ற புரதம் உட்கருவுக்குள் போய் எல்டிஎல்ஆர் ஜீனை முடுக்கிவிடுகிறது. கொக்கிகள் அதிகமாகுது, ரத்தத்தில் எல்டிஎல் இறங்குது.

கவனிங்க, ஜீனில் ஒரு எழுத்துகூட மாறல. நல்ல பிரதியிடம் கூடுதலா வேலை வாங்குறோம், அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்தினா சில வாரத்தில் பழைய கணக்கு. தம்பியோட ரிப்போர்ட்டில் இருந்தது மாத்திரையோட நார்மல், அவனோடது இல்ல.

ரெண்டு பிரதியும் பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளும் உண்டு, ரொம்ப அரிது. முடுக்கிவிட நல்ல பிரதியே இல்லாததால் ஸ்டாட்டின் அங்கே பெருசா எடுபடாது. பலருக்கு மெஷின் வச்சு ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிரிச்சு எடுக்க வேண்டிவரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். அதே எஸ்ஆர்ஈபிபி-2 இன்னொரு ஜீனையும் தட்டி எழுப்புகிறது: பிசிஎஸ்கே9. இதிலிருந்து வரும் புரதம் கொக்கிகளை அழிக்கிற ஆள்! ஒரு கையால கொடுத்து மறு கையால பிடுங்குற கதை. ஸ்டாட்டின் டோஸை இரட்டிப்பாக்கினாலும் எல்டிஎல் கூடுதலா 6 சதவீதம் அளவுதான் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். 2003-ல் பிரான்ஸ் குடும்பங்களை ஆராய்ந்தபோது, இந்த ஜீன் அளவுக்கு மீறி வேலை செய்தாலே பரம்பரைக் கொலஸ்ட்ரால் வரும்னு தெரிஞ்சது. பிறவியிலேயே இது செயலிழந்தவர்களுக்கு மாரடைப்பு ரொம்பக் குறைவுன்னு 2006-ல் அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்தப் புரதத்தை முடக்கும் ஊசிகள் 2015-ல் வந்தன. ஸ்டாட்டினோட சேர்த்துப் போட்டா நல்லா வேலை செய்யும், ஆனா விலை கையைக் கடிக்கும்.

தம்பி மறுநாளே மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சான். ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால அத்தை பசங்க மூணு பேரையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். ரெண்டு பேர் எடுத்துட்டாங்க. மூணாவது ஆள் இன்னும் 'அடுத்த வாரம்'னுதான் சொல்லிட்டிருக்கான்.