வகுப்பும் பணியும்: இணையவழி வேட விளையாட்டுக்களில் நெகிழ்ச்சி பற்றிய ஓர் ஆய்வு

பல்லாயிரவர் தத்தம் இல்லங்களில் இருந்தவாறே கணிப்பொறி வழியாக ஒரே கற்பனை உலகினுட் புகுந்து, ஆளுக்கொரு பாத்திரம் பூண்டு, தனித்தும் குழுவாகவும் செயலாற்றும் விளையாட்டுவகை ஒன்று இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றி இன்று உலகெங்கும் பரவியுள்ளது. பாத்திரம் பூண்ட ஒருவன் எதனைச் செய்ய வல்லான், எதனைச் செய்ய மாட்டான் என வரையறுக்கும் ஏற்பாடு இவ்விளையாட்டுக்களின் உயிர்நிலை எனலாம். அவ்வரையறை எவ்வளவு இறுக்கமாக இருத்தல் வேண்டும், எவ்வளவு நெகிழ்ந்து கொடுத்தல் வேண்டும் என்பதே ஈண்டு யாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்கண் சொல் பற்றி ஒன்று கூறல் வேண்டும். இவ்வரையறையை ஆங்கிலத்தார் சில விளையாட்டுக்களில் 'கிளாஸ்' என்றும், வேறு சிலவற்றில் 'ஜாப்' என்றும் வழங்குவர். முன்னதனை 'வகுப்பு' எனத் தமிழாக்கினால், பள்ளி வகுப்பு நினைவிற்கு வருதலோடு, பிறப்பொடு வருவதாய் வாழ்நாள் முழுதும் நீங்காதது என்னும் குறிப்பும் நம் நாட்டு வழக்கில் உடன் தோன்றும். பின்னதனைப் 'பணி' எனின், ஏற்கவும் விடவும் கூடியது என்னும் பொருள் படும். இவ்வேறுபாடு இடையூறன்று, எமக்கு இஃது உதவியே ஆகும். எனவே, இக்கட்டுரையில் மாற்ற இயலாததனை வகுப்பு என்றும், மாற்ற இயல்வதனைப் பணி என்றும் ஆள்வோம்.

வகுப்புமுறைக்கு மூலம் 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு. அதன்கண் முதலில் இருந்த வகுப்புக்கள் மூன்றே: போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு. வீரன் அடியைத் தாங்குவான். மந்திரவாதி தொலைவில் நின்று அழிப்பான். குரு காயம் ஆற்றுவான். ஒருவனுக்கு இயல்வது மற்றவனுக்கு இயலாமையால் மூவரும் கூடியே செல்ல வேண்டியதாயிற்று. பின்வந்தோர் பலர் வகுப்பினைத் திறமைகளின் தொகுதியாகவே நோக்கினர். அது இயலாமைகளின் தொகுதியும் ஆகும் என்பதை அவர் அத்துணைக் கருதினாரல்லர்.

கணிப்பொறி உலகிற் இம்முறையை இறுக்கமாகக் கையாண்டதற்கு 1999இல் வெளிவந்த 'எவர்குவெஸ்ட்' சான்றாகும். தொடக்கத்தில் அதன்கண் பதினான்கு வகுப்புக்கள் இருந்தன. பாத்திரத்தைப் படைக்கும் அன்றே ஆடுவோன் ஒன்றைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். பின்னர் மாற்ற வழியில்லை. நண்பர் அறுவர் கூடினராக, அவருள் மூவர் மருத்துவராய் அமைந்துவிடின், ஒருவரேனும் தம் பழைய பாத்திரத்தை ஒதுக்கிவைத்துப் புதிய பெயரில் முதற்படியிலிருந்து தொடங்க நேரும். திங்கள் பல உழைத்துப் பெற்ற பெயரும், அப்பெயரால் அறிமுகமான உறவும் புதியதற்குச் செல்லா. தேர்வு செய்யும் நாளில் ஆட்டம் எத்தகையது என்பதே அவன் அறியான் என்பதையும் எண்ணுக. அறியாமையிற் செய்த தேர்வு அறிவு வந்தபின்னும் மாறாதிருப்பது முறையன்று என்பதே நெகிழ்ச்சி வேண்டுவோரின் முதல் வாதம். அதில் நியாயம் உண்டு.

இதற்கு நேர்மாறான நெறி இரண்டாண்டுகட்கு முன்னரே, 1997இல், 'அல்ட்டிமா ஆன்லைன்' என்னும் விளையாட்டில் மேற்கொள்ளப்பட்டிருந்தது. ஆண்டு வகுப்பே இல்லை, திறன்கள் உள. வாட்போர், மந்திரம், கொல்வேலை, மீன்பிடித்தல் முதலிய ஒவ்வொன்றும் பயிலப் பயில நூறு புள்ளிவரை வளர்ந்தது. ஆயின் அனைத்தும் கூடி 700 புள்ளிக்கு மேற் செல்லலாகாதிருந்தது. எனவே ஏழு திறன்களிலேயே ஒருவன் முழுத் தேர்ச்சி பெற முடிந்தது. எல்லையை எட்டியபின் புதியதொன்று வளர வேண்டுமாயின் பழையதொன்று தேய வேண்டும். ஐம்பது திறன்கள் உளவெனக் கொண்டு அவற்றினின்று ஏழினைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் எத்துணை எனக் கணக்கிடின் 9,98,84,400 என வரும். இப்பேரெண்ணைக் காட்டி உரிமையின் பரப்பைப் புகழ்வாரும் உளர். எமக்கு இக்கணக்கில் நம்பிக்கை இல்லை. வழக்கில் ஆடுவோர் விரைவிற் சில சேர்க்கைகளையே சிறந்தனவெனக் கண்டு அவற்றிற் குவிந்தனர். படைக்கலமும் மந்திரமும் ஒருங்கே வல்ல 'டேங்க் மேஜ்' அவற்றுட் பெயர் பெற்றது. கோடிக்கணக்கான வழிகள் ஏட்டில் இருந்தன, நடைபாதையோ சிலவே.

திறன்முறையின் முழு அழகும் அதன் அழிவும் ஒருங்கே விளங்கும் இடம் 'ஸ்டார் வார்ஸ் கேலக்சிஸ்' ஆகும். 2003 சூனில் தொடங்கிய இதில் அடிப்படைத் தொழில்கள் ஆறு: கைவினைஞர், அருகிற் பொருவோர், கேளிக்கையாளர், சுடுநர், மருத்துவர், வழிகாணுநர். இவற்றினின்று கிளைத்த மேற்றொழில்களையும் கூட்டின் முப்பதிற்கு மேற்படும். ஆடுவோன் ஒவ்வொருவனுக்கும் 250 திறன்புள்ளிகள் உண்டு. ஒரு தொழிலைத் துறந்தால் அதற்குச் செலவிட்ட புள்ளிகள் மீளும். அவற்றைக்கொண்டு வேறொன்று கற்கலாம். பெயர் மாறாது, உறவு மாறாது, தொழில் மட்டும் மாறும். அதே வேளையில், புள்ளிகள் வரம்புக்குட்பட்டவை ஆதலின் எல்லாம் வல்லவன் ஒருவனும் இல்லை. ஈண்டு யாம் மிக விரும்பிக் குறிக்கத்தக்கது கேளிக்கையாளர் நிலை. போரிற் களைத்து மனக்காயம் உற்றவன் நகரத்து மதுச்சாலைக்கு வந்து, மற்றோர் ஆடுவோர் நிகழ்த்தும் நடனத்தைக் கண்டும் இசையைக் கேட்டும் அமர்ந்தாலன்றி அக்காயம் ஆறாது. வாளெடாத ஒருவர் ஆடலாலும் பாடலாலும் மட்டுமே அவ்வுலகிற்கு இன்றியமையாதவர் ஆயினர். கருவிகள் தேய்ந்து அழிவனவாகையால் அவற்றைச் செய்யும் கைவினைஞரும் அவ்வாறே வேண்டப்பட்டனர். நல்ல கவசம் செய்வார் இன்னார் எனப் பெயர் சொல்லித் தேடி வந்தனர்.

2005 நவம்பரில் இவ்வமைப்பு ஒரே அடியாக மாற்றப்பட்டது. தொழில்கள் ஒன்பது வகுப்புக்களாகச் சுருக்கப்பட்டன. கேளிக்கையாளரும் வணிகரும் பெயரளவில் எஞ்சினர். விலங்குகளைப் பழக்குவோர் தொழிலும், உயிரினங்களைப் புதிதாக உருவாக்குவோர் தொழிலும் அறவே நீக்கப்பட்டன. பழக்கிய விலங்குகளைப் பின்னர் அழைத்துச் செல்ல இயலாதாயிற்று. இம்மாற்றத்திற்கு இரு கிழமைக்கு முன்னரே கூடுதற் பகுதி ஒன்று விலைக்கு விற்கப்பட்டிருந்தமையின் சினம் பெருகிற்று. அப்பகுதியின் விலையைத் திருப்பித் தரவும் நிறுவனத்தார் முன்வர வேண்டியதாயிற்று. ஆடுவோர் பலர் வெளியேறினர். விளையாட்டு 2011 டிசம்பர் 15ஆம் நாள் மூடப்பட்டது. மூடப்பட்டதற்கு உரிமம் முதலிய பிற காரணங்களும் உள ஆதலின், அனைத்தையும் அம்மாற்றத்தின் மேல் ஏற்றல் பிழையாம். எனினும் ஒன்று தெளிவு. புதிய முறை எளிது, கற்போர்க்கு விளக்கமானது என்பதை மறுப்பதற்கில்லை. குற்றம் முறையில் இல்லை. செய்த உழைப்பைப் பின்னோக்கிச் சென்று பறித்ததில் உள்ளது. ஆடுவோன் தானே துறப்பது மாற்றம். பிறர் அவனிடமிருந்து நீக்குவது இழப்பு. நெகிழ்ச்சி என்னும் ஒரே சொல்லால் இவ்விரண்டையும் சுட்டுவது பெருங் குழப்பத்திற்கு இடமாகின்றது.

சப்பானியர் கண்ட வழி வேறு. 2002இல் அந்நாட்டில் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டசி' பதினொன்றாம் விளையாட்டில், ஆடுவோன் தன் இல்லத்திற்குச் சென்று பணியை மாற்றிக்கொள்ளலாம். அதனினும் நுட்பமானது துணைப்பணி என்னும் ஏற்பாடு. முதற்பணியோடு மற்றொரு பணியையும் உடன் பூணலாம். ஆயின் துணைப்பணியின் படிநிலை முதற்பணியின் படிநிலையிற் பாதிக்கு மேற் செல்லாதிருந்தது. பெயர்ச்சொல்லும் அடைமொழியும் போன்றது இவ்வுறவு எனின் நம் மாணாக்கர்க்கு விளங்கும்: அடை பொருளைச் சிறப்பிக்கும், தான் தலைமை பூணாது. உச்சநிலை 75 ஆக இருந்த ஆண்டுகளில் துணைப்பணி 37 ஆம் படியோடு நின்றது. அப்படியில் நிஞ்சாப் பணியானது, அடியைத் தன்மேல் வாங்கி மறையும் நிழலுருக்களைத் தோற்றுவிக்கும் வித்தையின் இரண்டாம் வடிவினைப் பெறும். இதனால் வீரர் முதலிய பலரும் நிஞ்சாவையே துணையாகப் பூண்டனர். அதுவன்றி, நிஞ்சாவே அடி தாங்கும் முதற்பணியாகவும் வழக்கில் நிலைபெற்றது. பாதி என்னும் வரம்பு இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

அடுத்து வந்த பதினான்காம் விளையாட்டு 2010இல் தோன்றித் தோல்வியுற்று, 2013 ஆகஸ்டில் புதுக்கி அமைக்கப்பட்டது. ஆண்டுக் கைக்கருவியே பணி. வாளை ஏந்தின் வாள்வீரன். மந்திரக்கோலை ஏந்தின் மருத்துவன். தூண்டிலை ஏந்தின் மீனவன். ஒரே பாத்திரம் எல்லாப் பணிகளையும் பயிலலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே படியேற்றல் வேண்டும் என்பதே விலை. தொடக்கத்தில் ஒரு பணியின் வித்தைகள் சிலவற்றைப் பிறிதொரு பணிக்குக் கடனாகக் கொள்ளவும் இடம் தரப்பட்டது. இஃது உரிமைபோற் காணப்பட்டுக் கட்டாயமாய் முடிந்தது. காயம் ஆற்றுவோர்க்கு மந்திரத்தை நொடியில் ஓதும் வித்தை இன்றியமையாதது. அது கரிய மந்திரம் பயில்வோரின் 26ஆம் படியிற் கிடைப்பது. எனவே மருத்துவராக விரும்பிய ஒவ்வொருவரும் தாம் விரும்பாத அழிவு மந்திரத்தை 26 படிவரை பயில வேண்டியவராயினர். 2017இல் இக்கடன்முறை நீக்கப்பட்டு, அவ்வித்தை அவ்வகைப் பணியினர் அனைவர்க்கும் பொதுவாக்கப்பட்டது. உரிமை ஒன்று குறைந்தது. ஆடுவோர் சுமையும் உடன் குறைந்தது.

இவ்விளையாட்டிலிருந்து யாம் பெறும் முடிபு இது: நெகிழ்ச்சி ஆளிடத்து இருத்தல் வேண்டும், உறுதி பணியிடத்து இருத்தல் வேண்டும். நால்வர் குழுவில் அடி தாங்குவோர் ஒருவர், ஆற்றுவோர் ஒருவர், தாக்குவோர் இருவர் என இடங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. களத்தினுட் புகுந்தபின் பணிமாற்றம் இல்லை. ஆயின் புகுமுன் எவரும் எவ்விடத்தையும் ஏற்கலாம். எவ்விடத்திற்கு ஆள் குறைகின்றதோ அவ்விடத்தை ஏற்போர்க்கு மிகுபரிசு அறிவிக்கப்படும். அறிவிப்பைக் கண்ட தாக்குவோன் கேடயத்தைக் கையிலெடுத்துக் காத்திருப்போரின் துயர் தீர்ப்பான். எவர்குவெஸ்டில் இஃது இயலாது. பணி இறுக்கமாக இருப்பதனாலேயே ஆள் நெகிழ்தற்குப் பயன் உண்டாகின்றது. பணியும் நெகிழுமாயின் பரிசு அறிவித்தற்குக் குறையும் இடமே இராது.

2004இல் வந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' இடைவழியிற் சென்றது. ஒன்பது வகுப்புக்கள் மாறா, உட்பிரிவு மாறும். மாற்றுந்தோறும் கட்டணம் ஏறி ஐம்பது பொன் வரை சென்றது. 2009இல் 1000 பொன் ஒருமுறை செலுத்தி இரு உட்பிரிவுகளை வைத்துக்கொள்ள இசைந்தனர். ஒவ்வொரு மாற்றத்திற்கும் தண்டம் வாங்குதல் ஆடுவோரைச் சோதனை செய்யவிடாது தடுக்கும் என்பதை ஐந்தாண்டுக்குப் பின்னர் உணர்ந்தனர் போலும்.

பதினான்காம் விளையாட்டின் முறையில் எமக்கு முழு உடன்பாடு உண்டெனக் கொள்ளற்க. போரிற் பொருந்திய அம்முறை கைத்தொழிலிற் பொருந்தவில்லை. தச்சு, கொல், கவசம், பொன், தோல், நெசவு, இரசவாதம், சமையல் ஆகிய எட்டினையும் ஒருவரே கற்கலாம் ஆதலின், ஊக்கமுடையோர் பலர் எட்டினையும் கற்றனர். பெயர் சொல்லித் தேடிச் செல்லத்தக்க கவசக் கொல்லர் ஆண்டு அரியர். தேடும் தேவையும் குறைவு. 2015இல் அமைப்பாளரே இதனைத் தடுக்க முற்பட்டு, எட்டனுள் மூன்றில் மட்டுமே ஒருவர் சிறப்புத்தகுதி பெறலாம் என வரையறுத்தனர். அவ்வரையறை போர்க்குழுவின் வரையறை போல வேரூன்றவில்லை. குழுவில் நான்கு இடங்கள் எண்ணி வைக்கப்பட்டுள்ளன. ஓரிடத்தில் நிற்போன் மற்றோரிடத்தில் நிற்றல் இயலாது. சந்தையிலோ அவ்வாறு எண்ணி வைத்த இடம் இல்லை. காலையில் நெய்தவன் மாலையிற் பொன் உருக்கலாம், யாரும் அவனுக்காகக் காத்திருப்பதில்லை.