பழி தமிழின்மேல் அன்று: மேகக் கோப்புகளும் துணைச் செயலிகளும்



'சேமித்தல்' என்னும் சொல் ஒன்றை ஓரிடத்தில் பத்திரப்படுத்தி வைப்பதைக் குறிக்கும். எழுதிய கட்டுரையைக் கணினியின் வன்வட்டில் பதிந்த காலத்தும் அப்பொருள் மாறவில்லை. மேகக் கிடங்குகளைப் பயன்படுத்தும் இன்றோ அச்சொல் இரண்டு செயல்களை ஒருங்கே சுட்டுகிறது. ஒன்று, நம் கணினியில் பதிதல். மற்றொன்று, அப்பதிவு இணையவழிச் சென்று தொலைவிலுள்ள கிடங்கில் சேர்தல். இரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. கோப்பு காணாமற்போவதும், பழைய வடிவமே மீண்டும் மீண்டும் திறப்பதும், ஒரே கட்டுரை இரண்டு படிகளாகப் பிரிவதும் பெரும்பாலும் இவ்விடைவெளியில்தான் நிகழ்கின்றன.

அத்தகைய வேளையில் ஒரு விளக்கம் எளிதாகச் சொல்லப்படுகிறது: "கோப்பின் பெயர் தமிழில் இருப்பதால்தான் சிக்கல். ஆங்கிலத்தில் பெயரிடுங்கள்." இது சிலபோது பாதி உண்மை, பலபோது முழுப்பிழை. ஆயினும் அது மாணவர் மனத்தில் விதைக்கும் எண்ணம் சிறிதன்று. தமிழ் பேச்சுக்கும் தேர்வுத்தாளுக்கும் உரியது, கருவிக்கு உரியதன்று என்று அவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆகவே, பழுது எங்கே நேர்ந்தது என்று முறையாகக் கண்டறியும் வழியை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

துணைச் செயலியின் பணி

ஒன்டிரைவ், கூகல் டிரைவ், டிராப்பாக்ஸ் ஆகிய சேவைகள் ஒவ்வொன்றும் கணினிக்கென ஒரு துணைச் செயலியை வழங்குகின்றன. அது திரையின் ஓரத்தில் சிறு குறியாக நின்று பின்னணியில் இயங்கும். நாம் ஒரு கோப்பைத் திருத்திச் சேமிக்கும்போது, எழுதும் மென்பொருள் பொதுவாக அதனைக் கணினியின் கோப்புறையில் பதிகிறது. துணைச் செயலி அம்மாற்றத்தைக் கண்டு, அதனைப் பதிவேற்றி, இரு படிகளையும் ஒன்றாக்குகிறது. இதனை ஒத்திசைவு என்கிறோம்.

மற்றொரு வகைத் துணைச் செயலி உலாவியோடு இணைந்து இயங்கும். உலாவியில் ஒரு கோப்பைத் திருத்த முற்பட்டால், அது அக்கோப்பைக் கணினியின் தற்காலிக இடமொன்றில் இறக்கி, உரிய மென்பொருளில் திறந்து, நாம் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கிடங்குக்குத் திருப்பி அனுப்பும். பாக்ஸ் நிறுவனத்தின் பாக்ஸ் எடிட் இவ்வகையது.

ஆக, கோப்பின் பயணத்தில் நான்கு நிலையங்கள் உள்ளன: எழுதும் மென்பொருள், கணினியின் கோப்புறை, துணைச் செயலி, மேகக் கிடங்கு. எந்த இரு நிலையங்களுக்கு இடையே தொடர்பு அறுந்தது என்று காண்பதே பழுதறிதல்.

சோதிக்கும் ஒழுங்கு

முதலில், உலாவியின் வழியே கிடங்கினுள் நேராகச் சென்று, கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தைப் பாருங்கள். புதிய வடிவம் அங்கே இருந்தால், அனுப்பிய கணினி தன் கடமையைச் செய்துவிட்டது. பழுது பெறும் கணினியில் உள்ளது. அங்கே இல்லையெனில், அனுப்பும் கணினியைச் சோதிக்க வேண்டும். இந்த ஒரு சோதனை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

இரண்டாவதாக, துணைச் செயலியின் குறியைச் சொடுக்குங்கள். அது இயங்குகிறதா? எந்தக் கணக்கில் நுழைந்துள்ளது? பள்ளிக் கணக்கும் சொந்தக் கணக்கும் ஒரே கணினியில் இருக்கும்போது கோப்பு வேறொரு கிடங்குக்குச் சென்றிருக்கக்கூடும். கிடங்கின் கொள்ளளவு நிறைந்துவிட்டதா? ஒத்திசைவு இடைநிறுத்தப்பட்டுள்ளதா? மடிக்கணினி மின்கலச் சேமிப்பு நிலைக்குச் சென்றால் ஒன்டிரைவ் தானாகவே ஒத்திசைவை நிறுத்திவைக்கும் அமைப்பு உண்டு.

மூன்றாவதாக, அந்த ஒரு கோப்பு மட்டும் நிற்கிறதா, அனைத்தும் நிற்கின்றனவா என்று பாருங்கள். அனைத்தும் நின்றால் செயலியிலோ இணைய இணைப்பிலோ பழுது. ஒன்று மட்டும் நின்றால், அக்கோப்பு வேறொரு மென்பொருளில் திறந்திருக்கிறதா என்றும், அதன் பெயர் ஏற்கத்தக்கதா என்றும் ஆராயலாம். பெயரைப் பற்றிய ஐயம் இந்த இடத்தில்தான் எழ வேண்டும், தொடக்கத்தில் அன்று.

இறுதியாக, செயலியை மூடித் திறக்கலாம். பல தடைகள் இதனாலேயே நீங்கும். ஆனால் கணக்கிலிருந்து வெளியேறுவதற்கும், செயலியை நீக்கி மீண்டும் நிறுவுவதற்கும் முன்னர், பதிவேறாத கோப்பை வேறோர் இடத்தில் படியெடுத்து வைப்பது கட்டாயம். ஏனெனில் புதிய வடிவம் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கிறது.

மொழிக்குத் தொடர்பில்லாத மயக்கங்கள்

கோப்புறையில் பெயர் தெரிவதால் கோப்பும் கணினியில் இருக்கிறது என்று கொள்ளலாகாது. 2017இல் விண்டோஸ் 10இல் ஒன்டிரைவ் அறிமுகப்படுத்திய முறைப்படி, நீல மேகக் குறியுள்ள கோப்பின் உள்ளடக்கம் கிடங்கில் மட்டுமே இருக்கும். இணையம் இல்லாத மண்டபத்தில் அது திறக்காது. பச்சைச் சரிக்குறி இருந்தால் கணினியிலும் படி உண்டு.

கூகல் டாக்ஸ் ஆவணம் கணினியின் கோப்புறையில் தோன்றினாலும், அது கிடங்கிலுள்ள ஆவணத்தைச் சுட்டும் முகவரிச் சீட்டு மட்டுமே. அதனை விரலியில் படியெடுத்துச் சென்றால் கட்டுரை உடன்வராது. வேர்ட் அல்லது பி.டி.எஃப். வடிவில் பதிவிறக்கியே கொண்டுசெல்ல வேண்டும்.

இருவர் ஒரே கோப்பைத் தத்தம் கணினியில் திருத்தினால், செயலி எதனையும் அழிக்காமல் இரண்டாம் படி ஒன்றை உருவாக்குவது வழக்கம். ஒன்டிரைவ் அப்படியின் பெயரோடு கணினியின் பெயரைச் சேர்க்கும். அதனைத் தேவையற்றதென்று கருதி அழிப்பவர், ஒருவரது உழைப்பை அழித்துவிடக்கூடும். இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே ஒன்றை நீக்க வேண்டும்.

தமிழோடு உண்மையில் தொடர்புடையவை

"இலக்கணம் என்றால் என்ன?" என்று மாணவர் ஒருவர் கோப்புக்குப் பெயரிடுகிறார். அது பதிவேறவில்லை. தடை தமிழெழுத்தால் வந்ததன்று, வினாக்குறியால் வந்தது. வினாக்குறி, முக்காற்புள்ளி, உடுக்குறி, சாய்கோடு முதலியவை விண்டோஸிலும் ஒன்டிரைவிலும் பெயருக்குள் இடம்பெற இயலாதவை. ஆங்கிலப் பெயருக்கும் இதே விதிதான்.

நீளம் பற்றிய செய்தி சற்று வேறானது. 'கோப்பு' என்பது நம் இலக்கணப்படி மூன்று எழுத்து. ஒருங்குறியில் அது பொதுவாக ஆறு குறியீடுகள்: ககர மெய்யேறிய உயிர்மெய், ஓகாரக் குறி, பகரம், புள்ளி, பகரம், உகரக் குறி. கணினி எண்ணுவது இக்குறியீடுகளையே. விண்டோஸின் மரபான வரம்பு, கோப்புறைகளின் பெயர்களையும் சேர்த்து 260. ஒன்டிரைவின் வரம்பு 400. கோப்புறைக்குள் கோப்புறையாக நீண்ட தமிழ்ப் பெயர்களை அடுக்கினால் இவ்வரம்பு விரைவில் நிறையும். பெயரைச் சுருக்குவதே தீர்வு, மொழியை மாற்றுவதன்று.

மூன்றாவது, கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் தோன்றும் எழுத்துகள். 'கோ' என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ஒருங்குறித் தரம் இரண்டையும் சமமென்றே கொள்கிறது. ஆனால் எல்லா மென்பொருளும் அச்சமன்பாட்டைச் செய்வதில்லை. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே பதிந்தது; 2017இல் வந்த புதிய முறைமை தரப்பட்ட வடிவத்தைக் காக்கிறது. எனவே ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் தோன்றினால் வியப்படைய வேண்டியதில்லை. உள்ளடக்கங்களை ஒன்றில் சேர்த்து, பெயரைப் புதிதாகத் தட்டச்சிட்டால் போதும்.

இதனினும் மிகுதியாகக் காணப்படுவது தட்டச்சுப் பிழை. காலுக்குப் பதிலாக ரகரத்தையும், 'கௌ' என்பதற்குப் பதிலாகக் 'கெ' என்பதோடு ளகரத்தையும் சேர்த்து எழுதுவோர் உளர். தாளில் வேறுபாடு தெரியாது. தேடினாலோ கோப்பு கிடைக்காது. தொலைந்ததாகக் கருதப்படும் கோப்புகளுள் சில உண்மையில் தொலைந்தவை அல்ல, எழுத்துப்பிழையோடு பெயரிடப்பட்டவை.

பழைய எழுத்துருவில் அமைந்த கோப்பு புதிய கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றுவதற்கும் கிடங்கு காரணமன்று. அது பெற்றதை அப்படியே தருகிறது. குறியீடுகள் பலவாக இருந்ததன் தொல்லையை உணர்ந்துதான், நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் பொதுத்தரம் பற்றிப் பேசப்பட்டது. அக்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றியபின் கிடங்கில் வைப்பது நலம்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

ஒப்படைப்பு நாளுக்கு முன்னரே ஒரு வெற்றுக் கோப்பைத் தமிழில் பெயரிட்டு அனுப்பிப் பார்க்கும் பயிற்சியை மாணவர்க்கு அளிக்கலாம். பெயர் குறுகியதாகவும், நிறுத்தற்குறி இன்றியும், சொற்களுக்கிடையே சிறுகோடு இட்டும் அமையட்டும். சேமித்தபின் உலாவியில் நேரத்தைப் பார்த்து உறுதிசெய்த பிறகே மடிக்கணினியை மூடும் வழக்கம் வேண்டும். அதன் பின்னும் கோப்பு வரவில்லையென்றால், மேலே கூறிய ஒழுங்கில் ஒவ்வொரு நிலையமாகச் சோதித்து, பழுது எங்கே இருந்தது என்பதை மாணவரே இரண்டு வரியில் தமிழில் எழுதித் தரட்டும். காரணத்தைத் தம் மொழியில் விளக்கத் தெரிந்த மாணவர், பழியை அம்மொழியின்மேல் போடமாட்டார்.