செங்கல்லில் எழுந்த ரோம்

வட இத்தாலியின் விசென்சா நகரச் சதுக்கத்தில் 1571-இல் எழுப்பிய ஒரு கட்டடம் நிற்கிறது. லோஜ்ஜியா டெல் கபித்தானியாத்தோ என்று பெயர். முகப்பில் இரண்டு மாடி உயரத்துக்கு அரைத்தூண்கள். எட்ட நின்று பார்த்தால் பழைய ரோமானியக் கோயிலின் கம்பீரம். கிட்டே போனால் செங்கல்! மேலே பூசிய சுண்ணச் சாந்து உதிர்ந்து, தூணின் வளைவோடு ஒட்டி அடுக்கிய செங்கற்கள் வரிவரியாகத் தெரிகின்றன.

கட்டியவர் ஆந்திரேயா பல்லாடியோ. 1508-இல் பதுவாவில் பிறந்தவர். அப்பாவுக்கு மாவரைக்கும் தொழில். மகன் 13 வயதிலேயே கல்தச்சர் பட்டறையில் சேர்ந்தார். திறமையைக் கண்டுகொண்ட ஜான் ஜோர்ஜோ திரிசினோ என்ற அறிஞர்தான் அவருக்குப் பல்லாடியோ என்று பெயரிட்டு, ரோமுக்கும் அழைத்துப் போனார். அங்கே இடிபாடுகளை ஒவ்வொன்றாக அளந்து வரைந்தார் பல்லாடியோ. உளி பிடித்துப் பழகிய கை என்பதால், கல் எப்படிக் கல்லின் மேல் உட்கார்கிறது என்பதை அந்த இடிபாடுகளே அவருக்குச் சொல்லியிருக்கும்.

ஊர் திரும்பியவர் ரோமை அப்படியே பெயர்த்துவந்து வைக்கவில்லை. அதே சதுக்கத்தின் எதிர்ப்புறம் இருக்கும் பசிலிக்காவைப் பாருங்கள். உள்ளே இருப்பது இடைக்காலத்து மன்றம். அதன் சுற்றுத் தாழ்வாரம் இடிந்து போயிருந்தது. பழைய கட்டடம் என்பதால் இடைவெளிகள் ஒன்றுபோல் இல்லை. 1549-இல் நகர சபை ஏற்றுக்கொண்ட பல்லாடியோவின் திட்டம் இதுதான்: நடு வளைவை எங்கும் ஒரே அகலமாக வைப்பது, அதன் இருபுறமும் விடும் சிறு திறப்புகளை இடத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைப்பது. வளைவுகள் சீராக அணிவகுப்பதைத்தான் கண் பார்க்கிறது. கோணலெல்லாம் அந்தச் சந்துகளுக்குள் மறைந்துவிடுகிறது.

என்னை அதிகம் ஈர்ப்பது அவர் கட்டிய பண்ணை வீடுகள். வெனிஸ் செல்வந்தர்கள் கடல் வணிகத்தோடு நில்லாமல், சதுப்பை வடித்து விளைநிலமாக்கி வேளாண்மையிலும் பணம் போட்ட காலம் அது. அவர்களுக்கு வேண்டியது மாளிகை மட்டுமல்ல; தானியம் கொட்டி வைக்கப் பரண், மாட்டுத் தொழுவம், வண்டி நிறுத்தக் கொட்டகை எல்லாம் வேண்டும். பல்லாடியோ இவை அத்தனையையும் ஒரே கோட்டில் நிறுத்தி, நடுவில் வீட்டுக்குக் கோயிலின் முக்கோண முகப்பைச் சூட்டினார். பழங்கால வீடுகளுக்கு அந்த முகப்பு இருந்தது, கோயில்கள் அதை வீடுகளிலிருந்தே எடுத்துக்கொண்டன என்பது அவருடைய கணிப்பு. கணிப்பு தவறு. ஆனால் சரிபார்க்க அவர் கண்ணெதிரே பழைய வீடு ஏது? பாம்பேய் நகரைத் தோண்டத் தொடங்கியதே 1748-இல்தான். அந்தத் தவறு மட்டும் நேராதிருந்தால், நான்கு திசையிலும் நான்கு கோயில் முகப்புகளோடு குன்றின்மேல் நிற்கும் வில்லா ரோத்தோந்தா நமக்குக் கிடைத்திருக்காது.

1570-இல் அவர் அச்சிட்ட ‘கட்டடக்கலையின் நான்கு நூல்கள்’ எல்லை கடந்து போனது. இங்கிலாந்தின் இனிகோ ஜோன்ஸ் அதைக் கையோடு இத்தாலிக்குக் கொண்டுபோய், கட்டடங்களோடு ஒப்பிட்டு ஓரங்களில் குறிப்பெழுதினார். ஆங்கிலேயர் மூலம் தூண் முகப்பு சென்னைக்கும் வந்தது. எழும்பூரில் 1821-இல் திறந்த புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் வழுவழுப்பான வெண்தூண்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விசென்சா கொத்தனாரின் கைவேலை எளிதில் புரியும். இங்கேயும் உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்பு.

பல்லாடியோவின் கடைசி வேலை ஒலிம்பிகோ அரங்கம். ரோமானிய நாடக அரங்கைக் கூரைக்கடியில் மீண்டும் அமைக்கும் ஆசை அது. 1580-இல் வேலை தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் இறந்துவிட்டார். பளிங்கு போலத் தோன்றும் மேடைச் சுவர் உண்மையில் செங்கல், மரம், சுதை. மாடங்களில் ரோமானிய உடையில் நிற்கும் சிலைகள் பழைய வீரர்கள் அல்லர். அரங்கைக் கட்டுவித்த கழகத்தின் உறுப்பினர்களான விசென்சாக்காரர்களே, தத்தம் செலவில் அப்படி நிற்கிறார்கள். 1585 மார்ச் 3 அன்று சோபோக்ளிசின் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தோடு அரங்கம் திறந்தது. அதற்காக வின்சென்சோ ஸ்கமோஸி மேடைவாசல்களுக்குப் பின்னால், நாடகம் நிகழும் தீபஸ் நகர வீதிகளை மரத்தால் அமைத்தார். போகப் போகத் தரை உயர்ந்து, வீடுகள் சிறுத்து, குறைந்த ஆழமே நெடுந்தெருவாகத் தெரியும். நடிகர் உள்ளே நடந்து போனால் மாடி வீட்டைவிட உயரமாகத் தெரிவார் என்பதால், வாசலருகிலேயே நின்று நடிக்க வேண்டும். நாடகம் முடிந்தும் அந்த வீதிகளை யாரும் பிரிக்கவில்லை. இன்றும் அங்கேயே நிற்கின்றன.