வளர்ப்பு நாயும் வளர்ப்பவர் கடமையும்

ரேபிஸ் எனப்படும் வெறிநோய்க்கு இரு முகங்கள் உண்டு. அறிகுறிகள் தோன்றிவிட்டால் நோயாளியைக் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாது. கடிபட்டவுடன் முறையாகச் சிகிச்சை பெற்றாலோ, அந்நோய் வராமலேயே தடுத்துவிட முடியும். 2024ஆம் ஆண்டில் இந்தியாவில் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாயின. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 4.8 லட்சம். ஆகவே, நாயை எப்படி வளர்க்க வேண்டும் என்ற கேள்வி உள்ளாட்சி அலுவலகத்தோடு முடிவதன்று. அது மருத்துவத்தின் கேள்வியுமாகும்.

அன்னூர் வட்டாரத்தில் நாய் இல்லாத தோட்டத்துச் சாளையைக் காண்பது அரிது. ஆட்டுப்பட்டிக்கும் தென்னந்தோப்புக்கும் அதுவே இரவுக் காவல். பகலில் கட்டிவைத்து, இருட்டியதும் அவிழ்த்துவிடும் வழக்கமும் பரவலாக உள்ளது. அவிழ்த்துவிட்ட நாய்க்கு வேலியின் எல்லை தெரியாது. அதிகாலையில் பால் ஊற்றச் செல்பவரும், பள்ளிப் பேருந்துக்காக நிற்கும் குழந்தையும் அதற்கு அந்நியரே. காங்கேயம், வெள்ளகோவில் பகுதிகளில் பட்டியில் அடைத்த ஆடுகளை நாய்கள் கூட்டமாகக் கடித்துக் கொன்றதையும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதையும் நாம் அறிவோம்.

விதிகள் சொல்வது என்ன?

2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் பொறுப்பைத் தெளிவாகப் பிரிக்கின்றன. வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி போடுவதும் குடற்புழு நீக்குவதும் உரிமையாளரின் கடமை. தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்விப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை. நம் ஊரைப் பொறுத்தவரை அது பேரூராட்சியையும், சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சாரும்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவும் உரிமையாளர் அறிந்திருக்க வேண்டியது. தம்மிடமுள்ள விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி தடுக்கத் தவறுபவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறுவது கட்டாயம். நம் பகுதியில் உரிமம் பெறும் முறையைப் பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டறிந்து செயல்படுவது நலம்.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்ட தெருநாய்கள் பிடித்த இடத்திலேயே விடப்பட வேண்டும். வெறிநோய் கண்டவையும், மூர்க்கமாகக் கடிப்பவையும் இதற்கு விலக்கு. அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் உத்தரவு, மருத்துவமனை, பள்ளி, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றவும், அவற்றை மீண்டும் அங்கே விடாதிருக்கவும் பணித்தது. நோயாளிகளைக் காண வருவோர் மீந்த உணவையும் பொட்டலங்களையும் மருத்துவமனை வளாகத்தில் வீசாதிருந்தால், அதுவே இவ்வுத்தரவுக்குச் செய்யும் பேருதவியாகும்.

“பக்கத்து வீட்டு நாய்தானே?”

மருத்துவர்களாகிய நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. தெருநாய் கடித்தால் அன்றே வருபவர்கள், உறவினர் வீட்டு நாய் கீறினால் வருவதில்லை. வந்தால் பெயர் கெடும், மனத்தாங்கல் வரும் எனத் தயங்குகிறார்கள். குழந்தைகளோ திட்டு விழும் என்று அஞ்சிக் காயத்தை மறைத்துவிடுகிறார்கள். இந்த மௌனமே நோயினும் கொடியது. சிகிச்சை கேட்பது புகார் கொடுப்பது ஆகாது. நாயின் தடுப்பூசி அட்டையை உரிமையாளரே எடுத்து வந்து காட்டுவதும், 10 நாள் நாயைக் கட்டிவைத்துக் கண்காணிப்பதும் உறவைக் காக்கும் வழிகள். அந்த 10 நாளும் நாய் நலமாக இருந்தால், எஞ்சிய ஊசிகள் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் அதுவரை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

கடிபட்டால் செய்ய வேண்டியவை

காயத்தை ஓடும் நீரிலும் சோப்பாலும் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். தோலில் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28ஆம் நாள்களில் தரப்படும். முதல் ஊசி போடும் நாளே 0ஆம் நாள். தோல் கிழிந்து இரத்தம் வந்த காயம் என்றால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்தப்பட வேண்டும். தடுப்பூசி உடலில் எதிர்ப்பாற்றலை உண்டாக்கச் சில நாள்கள் ஆகும். அதுவரை காவல் நிற்பது இம்மருந்தே. கடைசி ஊசி வரை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் இத்தடுப்பூசியைத் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், சிறுநீரக மாற்று செய்துகொண்டோர், ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர் ஆகியோரின் உடலில் தடுப்பூசி முழுப் பயன் தராமல் போகலாம். ஆதலால் சிறு கீறலாயினும் தம் மருந்துச் சீட்டுடன் வந்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீரிழிவு நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். நாய் வளர்க்கும் வீட்டில் நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்வது அவர்களுக்கு இன்றியமையாதது.

லூயி பாஸ்டர் 1885இல் தம் தடுப்பூசியை ஒரு 9 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தினார். 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் தென்னாட்டில் கடிபட்டவர்கள் மலையேறிச் சென்று சிகிச்சை பெற்றார்கள். இன்று அந்த ஊசி அரசு மருத்துவமனையிலேயே கட்டணமின்றிக் கிடைக்கிறது.

வீட்டில் நாய் வளர்ப்போர் இந்த வாரமே மூன்றைச் சரிபாருங்கள். நாய்க்கு இவ்வாண்டின் தடுப்பூசி போடப்பட்டுள்ளதா? அதற்கான அட்டை கைக்கெட்டும் இடத்தில் உள்ளதா? இரவில் அவிழ்த்துவிடும் நாய் தாண்ட முடியாதபடி வேலியும் கதவும் உள்ளனவா? குட்டியானால் மூன்று மாத வயதில் முதல் ஊசி போட வேண்டும். அரசு கால்நடை மருத்துவமனையை அணுகினால் உரிய வழிகாட்டுதல் கிடைக்கும்.