தடிப்பு ஒன்று, காரணம் இரண்டு

உடம்பின் காவல்: தொடர் 17

சென்ற வாரம் ரத்தத்தோடு ஓடும் வெள்ளணுக்களைப் பார்த்தோம். மாஸ்ட் செல் அப்படி அலைவதில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து முதிராத நிலையில் கிளம்பி, தோல், மூக்கு, மூச்சுக்குழல், குடல் என வெளியுலகம் உடம்பைத் தொடுகிற இடங்களுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேதான் முதிர்கிறது. ரத்தக் குழாய்க்கும் நரம்பு நுனிக்கும் பக்கத்திலேயே நெடுநாள் வாழ்கிறது. 1878-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் பால் எர்லிக் இதை விவரித்தார். சாயம் ஏற்றிப் பார்த்தபோது செல் முழுக்கத் துகள்கள் திணிந்து கிடந்தன. அவற்றில் ஹிஸ்டமின் இருப்பது தெரியவர 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஜேம்ஸ் ரைலியும் ஜெஃப்ரி வெஸ்ட்டும் அதை நிறுவினார்கள்.

இடையில் நடந்த ஒரு சோதனையைச் சொல்லாமல் நகர முடியாது. அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் இரண்டு மருத்துவர்கள். ஹைன்ஸ் குஸ்ட்னருக்கு மீன் ஆகாது. கார்ல் பிராஸ்னிட்ஸுக்கு மீனால் ஒரு தொந்தரவும் இல்லை. குஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைப் பிராஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் சிறிதளவு ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்த, தோல் சிவந்து தடித்தது. 1921-இல் இதை வெளியிட்டார்கள். ஒருவருடைய ரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்று இன்னொருவர் தோலில் ஒட்டிக்கொண்டு, ஒரு நாள் கழித்தும் அங்கேயே காத்திருந்தது என்பதுதான் இதில் வியப்பு. ரத்தத்தால் நோய் தொற்றும் அபாயம் தெரிந்த இன்றைக்கு இப்படியொரு சோதனைக்கு எவரும் அனுமதி தரமாட்டார்கள்.

அந்த ‘ஏதோ ஒன்று’ எதிர்ப்பொருளில் ஒரு புது வகை என்பதை 1966-இல் அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே, டெருகோ இஷிஸாகா தம்பதியர் கண்டுபிடித்தார்கள். சுவீடனின் உப்சாலாவில் யொஹான்சனும் பென்னிச்சும் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1968-இல் அதற்கு இம்யூனோகுளோபுலின் ஈ, சுருக்கமாக ஐஜிஇ, என்ற பெயர் நிலைத்தது. ரத்தத்தில் மற்ற எதிர்ப்பொருள்களோடு ஒப்பிட இதன் அளவு மிகமிகக் குறைவு. தனியாக மிதக்கும் ஐஜிஇயில் பாதி இரண்டே நாளில் அழிந்துவிடும். மாஸ்ட் செல்லின் மேலுள்ள ஏற்பியில் அமர்ந்துவிட்டாலோ வாரக்கணக்கில் நீடிக்கும். பிராஸ்னிட்ஸின் வயிற்றுத் தோலில் மறுநாள்வரை காத்திருந்தது இதுவே.

அந்த ஏற்பி நான்கு புரத இழைகளால் ஆனது. ஒன்று வெளியே நீட்டி ஐஜிஇயைப் பற்றிக்கொள்கிறது. மற்றவை செல்லுக்குள் செய்தி சொல்கின்றன. ஐஜிஇ வெறுமனே அமர்ந்திருப்பதால் தடிப்பு வராது. மகரந்தமோ வேர்க்கடலைப் புரதமோ வந்து, அடுத்தடுத்துள்ள இரண்டு ஐஜிஇக்களை நுகத்தடி இரண்டு மாடுகளைப் பூட்டுவதுபோல ஒன்றாய்ப் பிணைக்க வேண்டும். பிணைந்த நொடியில் உள்ளே லின், சிக் என்னும் நொதிகள் விழிக்கின்றன, கால்சியம் பெருகுகிறது, துகள்கள் வெளியே கொட்டுகின்றன. ஹிஸ்டமின் பட்டதும் ரத்தக் குழாய் கசிந்து தோல் வீங்குகிறது, நரம்பு தூண்டப்பட்டு நமைச்சல் எடுக்கிறது. சற்று நேரத்தில் லியூகோட்ரையீன்கள் உருவாகி மூச்சுக்குழலை இறுக்குகின்றன. பிறகு சைட்டோகைன்கள் மற்ற வெள்ளணுக்களை அழைத்துவர, சில மணி நேரம் கழித்து இரண்டாம் சுற்று அழற்சி தொடங்குகிறது. காலையில் தணிந்த மூச்சிரைப்பு மாலையில் திரும்புவது பல நேரங்களில் இதனால்தான்.

இதுவரை சொன்னது பாடப்புத்தகக் கதை. ஆனால் சில மருந்துகள், முன்பின் பழக்கமே இல்லாத உடம்பில், முதல் ஊசியிலேயே தடிப்பைக் கிளப்பும். ஐஜிஇ உருவாக அவகாசமே இல்லாதபோது இது எப்படி? 2015-இல் ‘நேச்சர்’ இதழில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் மெக்நீல், சின்ஜோங் டோங் குழுவினர் பதில் தந்தார்கள். மாஸ்ட் செல்லில் எம்ஆர்ஜிபிஆர்எக்ஸ்2 என்ற வேறொரு ஏற்பி இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின், அறுவை அரங்கில் தசையைத் தளர்த்தும் அட்ராகியூரியம் போன்றவை ஐஜிஇ துணையின்றி நேரே இதைத் தூண்டுகின்றன. எலியில் இதற்கு இணையான ஏற்பியை நீக்கியதும் அந்த விளைவு மறைந்தது. வான்கோமைசினை வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவப்பதிலும் இந்த ஏற்பிக்குப் பங்குண்டு என்று பின்னர் தெரிந்தது.

வெளியே தெரியும் தடிப்பு ஒன்றுதான். பொருள் முற்றிலும் வேறு. ஐஜிஇ வழி என்றால் அடுத்த முறை துளியளவு மருந்தும் உயிருக்கு உலை வைக்கலாம். மற்ற வழியில் அளவும் வேகமும்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன. வான்கோமைசினை மெதுவாக ஏற்றினால் பலருக்குச் சிவப்பே வருவதில்லை. நம் ஊர் மருத்துவமனைகளில் முன்கையில் ‘டெஸ்ட் டோஸ்’ போட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளில் இது பெரிதும் ஏமாற்றும். போதிய அளவு நீர்க்காமல் தோலுக்குள் செலுத்தினால், ஒவ்வாமையே இல்லாதவருக்கும் தடிக்கும். அந்தத் தடிப்பை நம்பி நோயாளிச் சீட்டில் சிவப்பு மையில் எழுதிவிட்டால், தேவைப்படும் நாளில் நல்ல மருந்தொன்று அவருக்கு மறுக்கப்படும். இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. அதற்காக, தடிப்பு வந்த மருந்தைத் தானாகவே மீண்டும் எடுத்துப் பார்ப்பதும் ஆபத்து. எந்த வழி என்று ஆராய வேண்டியவர் ஒவ்வாமை மருத்துவர்.

மாஸ்ட் செல்லைப் பகையாக எண்ணவும் வேண்டாம். ஸ்டீபன் கேலியின் குழு 2006-இல் ‘சயின்ஸ்’ இதழில் காட்டியபடி, பாம்பு நஞ்சையும் தேனீ நஞ்சையும் மாஸ்ட் செல் உள்ள எலிகளே மேலாகத் தாங்கின. துகள்களிலுள்ள நொதி பாம்பு நஞ்சைச் சிதைத்துவிடுகிறது.

இந்தச் செல்லை அடக்கும் ஏற்பிகளும் அதன் மேலேயே இருக்கின்றன. ஐஜிஜி எதிர்ப்பொருள் சேரும் ஓர் ஏற்பி, ஐஜிஇ தரும் செய்தியைப் பாதியில் அணைக்கிறது. ஒவ்வாமைப் பொருளைச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை பலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2003-இல் ஆஸ்துமாவுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓமலிசுமாப், ஏற்பியில் போய் அமர்வதற்கு முன்பே ஐஜிஇயைப் பிடித்துவிடுகிறது. 2024-இல் உணவு ஒவ்வாமைக்கும் அதற்கு அங்கே அனுமதி கிடைத்தது.

அவசரத்துக்கு இவை எதுவும் உதவாது. மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் சரியும்போது செட்டிரிசின் மாத்திரையும் போதாது. அது ஹிஸ்டமின் ஒன்றைத்தான் தடுக்கும். கொட்டியவற்றில் அது ஒரு பகுதி. தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே போடும் அட்ரினலின் ஊசி விரிந்த ரத்தக் குழாயைச் சுருக்கும், இறுகிய மூச்சுக்குழலைத் தளர்த்தும். மாஸ்ட் செல்லின் மேலுள்ள பீட்டா ஏற்பியைத் தொட்டு, மேலும் கொட்டுவதையும் குறைக்கும். தாமதமாகப் போட்ட அட்ரினலினால் இழந்த உயிர்கள் உண்டு. எந்த ஏற்பி தூண்டியது என்ற விசாரணையை ஊசி போட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம்.

(தொடரும்)