தெருக் குற்றங்களும் குடிமக்கள் ஒற்றுமையும்

பொது இடங்களில் சங்கிலி, கைப்பேசி, பணப்பை முதலியவற்றைப் பறித்தல், வழிமறித்து மிரட்டிப் பணம் பிடுங்குதல், நிறுத்தி வைத்த வண்டியைத் திருடுதல் போன்றவை தெருக் குற்றங்கள் எனப்படும். இவற்றில் பறிபோகும் பொருளை விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. விடியற்காலையில் வாசலில் கோலம் போட மூதாட்டி அஞ்சுகிறார். மாலை வகுப்புக்குச் செல்லும் மாணவியை வீட்டார் நிறுத்தி விடுகின்றனர். இப்படி ஒவ்வொருவராக உள்ளே ஒதுங்க ஒதுங்க, தெரு வெறிச்சோடுகிறது. ஆளில்லாத தெருவே திருடனுக்கு வசதி. ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர், தெருவைக் காப்பது முதலில் அங்கு வாழ்வோரின் கண்களே என்று 1961இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார்.

சட்டம் சொல்வது

2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவு, பறிப்பைத் தனிக் குற்றமாக வரையறுக்கிறது. இதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. காயப்படுத்தியோ மிரட்டியோ பறித்தால் அது 309ஆம் பிரிவின்படி கொள்ளையாகும். பத்து ஆண்டுகள் வரை கடுங்காவல் விதிக்கலாம்.

"இது எங்கள் எல்லை இல்லை" என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பக் கூடாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறலாம். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம்.

கூட்டம் ஏன் வேடிக்கை பார்க்கிறது?

பலர் கூடியிருந்தும் யாரும் உதவவில்லையே என்று நாம் வருந்துகிறோம். இதை டார்லி, லட்டானே என்ற உளவியலாளர்கள் ஆராய்ந்து 1968இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒருவருக்கு வலிப்பு வந்தது போன்ற குரலை இன்டர்காம் வழியே மாணவர்கள் கேட்டனர். தான் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர் வலிப்பு ஓயும் முன்பே உதவி தேடி எழுந்தனர். மேலும் நான்கு பேர் கேட்பதாக நினைத்தவர்களில் 31 விழுக்காட்டினரே அவ்வாறு செய்தனர். அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். வேறு யாராவது செய்வார்கள் என்ற எண்ணமே அவர்களைத் தயங்க வைத்தது.

இதில் நமக்குப் பயன்படும் பாடம் உண்டு. ஆபத்தில் பொதுவாக "காப்பாற்றுங்கள்" என்று மட்டும் கூவாமல், ஒருவரைச் சுட்டி, "நீலச் சட்டை அண்ணா, 112க்குப் போன் செய்யுங்கள்" என்று கேட்க வேண்டும். பொறுப்பு ஒருவர் மீது விழுந்தால் தயக்கம் குறையும்.

ஒரு தெரு செய்யக் கூடியவை

1. தெருவில் உள்ளோர் ஒருவர் பெயரை ஒருவர் அறிந்திருத்தல். பூட்டிய வீட்டுக்குப் புதியவர் வந்தால், "யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று பணிவாகக் கேட்பதே நல்ல காவல்.

2. எரியாத தெருவிளக்கு பற்றி ஒருவர் மனுக் கொடுப்பதை விட, பலர் கையெழுத்திட்டு உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்தல்.

3. பலர் பணம் சேர்த்துக் கேமரா பொருத்துதல். அது சொந்த வாசலை மட்டுமன்றித் தெருவையும் பார்க்க வேண்டும். சென்னைக் காவல்துறையின் "மூன்றாவது கண்" திட்டம் இத்தகைய பொதுமக்கள் பங்களிப்புடன் வளர்ந்ததே.

4. கைப்பேசியில் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணைக் குறித்து வைத்தல். கைப்பேசி பறிபோனால், புகார் நகலுடன் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்கலாம்.

5. சிறிய பறிப்பானாலும் புகார் அளித்தல். பார்த்தவர் சாட்சி சொல்ல முன்வருதல். பதிவாகாத குற்றம் காவல்துறையின் கணக்கில் இல்லாத குற்றம். அந்தத் தெருவுக்கு ரோந்தும் வராது.

ஒற்றுமையின் எல்லை

தம் கண்முன் இத்தகைய குற்றம் செய்பவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம். ஆனால் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது சட்டம். அடிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. 2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் நடமாடுவதாகக் கைப்பேசியில் பரவிய வதந்தியால், திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரார் அடித்துக் கொன்றனர். குலதெய்வக் கோயிலைத் தேடி வந்தவர் அவர். அன்றும் மக்கள் ஒன்றுபட்டே இருந்தனர். விசாரிக்கும் பொறுமைதான் இல்லை. ஆகவே, உறுதி செய்யாத செய்தியைப் பிறருக்கு அனுப்பாதிருப்பதும் குடிமைக் கடமையே.

அண்டை வீட்டாரை அறிதல், பாதிக்கப்பட்டவருடன் காவல் நிலையம் வரை துணைக்குச் செல்லுதல், நீதிமன்றத்தில் உண்மை சொல்லுதல் ஆகியவை எளிய செயல்கள். இவற்றை ஒரு தெருவே சேர்ந்து செய்தால், மூதாட்டி அஞ்சாமல் கோலம் போடலாம்; மாணவி வகுப்புக்குச் செல்லலாம்.