உறைமோரும் ரசப்பொடியும்

பக்கத்து வீட்டுப் பெண் கிண்ணத்தோடு வந்து, "உறைக்குக் கொஞ்சம் மோர் இருக்கா அக்கா?" என்றால் யாரும் இல்லை என்பதில்லை. ஒரு கரண்டி கொடுத்தால் நம் தயிர் குறையாது. நாளை நம் வீட்டில் உறைமோர் தீர்ந்தால் அங்கே போய் நிற்கலாம். அவளே ரசப்பொடி அளவைக் கேட்கட்டும். "எல்லாம் கண்ணளவுதாம்மா" என்று மழுப்பிவிடுவோம்.

கார் கம்பெனிகளிலும் இதே கதைதான். டொயோட்டாவின் வீட்டில் உறைமோர் என்றால் உற்பத்தி முறை. அதற்குப் பாகங்கள் செய்துகொடுக்கும் சப்ளையர்களின் சங்கமான கியோஹோகாய் 1943-இலிருந்து இருக்கிறது. டொயோட்டாவின் ஆட்கள் சப்ளையர் ஆலைக்கே போய், காசு வாங்காமல், வேலையைச் சீர்செய்யக் கற்றுத்தருவார்கள். கற்றவர் தன் பட்டறைக் கதவை மற்ற சப்ளையர்களுக்கும் திறந்துவைக்க வேண்டும். மோர் வாங்கியவள் மோர் கொடுக்க மறுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கொடுத்த மோர் திரும்பி வந்தது 1997 பிப்ரவரி 1 அன்று. ஜப்பானின் கரியா நகரில் டொயோட்டாவின் சப்ளையரான ஐசின் நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்தது. டொயோட்டா வண்டிகளின் பிரேக்குக்கு வேண்டிய ஒரு சிறிய வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் தயாரானது. கையிருப்போ சில மணி நேரத்துக்குத்தான். இருப்பு வைப்பதே வீண் என்பது டொயோட்டாவின் கொள்கையாயிற்றே! டொயோட்டாவின் ஆலைகள் நின்றன. ஐசின் வால்வின் வரைபடங்களை எடுத்துக் கொடுத்தது. சப்ளையர்களோடு தையல் மெஷின் செய்யும் பிரதர் நிறுவனம்கூட வால்வு கடைந்தது. விலை பேச யாரும் நிற்கவில்லை. ஒரு வாரத்துக்குள் ஆலைகள் மீண்டும் ஓடின.

சரி, போட்டியாளர் எட்டிப் பார்த்தால்? டொயோட்டா 1984-இல் கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸையே கூட்டாளியாக்கி அடுப்படிக்குள் விட்டது. அவர்கள் எல்லாவற்றையும் பார்த்தார்கள். கோளாறு தெரிந்தால் தொழிலாளியே கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்பதையும் பார்த்தார்கள். ஆனால் தங்கள் மற்ற ஆலைகளில் அதைக் கொண்டுவருவதற்குள் பல வருடங்கள் ஓடிவிட்டன. சமையல் புத்தகத்தில் 'பொன்னிறமாக வறுக்கவும்' என்று இருக்கும். எந்தப் பொன் என்று இருக்காது. கயிற்றை இழுத்தவனிடம் மேஸ்திரி திட்ட வருகிறாரா, உதவ வருகிறாரா என்பது கயிற்றைப் பார்த்தால் தெரியாது. கைப்பக்குவத்துக்குப் பூட்டு தேவைப்படாதது இதனால்தான்.

அளவு எழுதிய சீட்டுக்குத்தான் பூட்டு, அதாவது காப்புரிமை. அதையும் 2019-இல் டொயோட்டா ஓரளவு திறந்தது: மின்மோட்டார், மின்சக்திக் கட்டுப்பாட்டு அலகு உள்ளிட்ட ஹைபிரிட் வகைத் தொழில்நுட்பத்தில் ஏறத்தாழ 24,000 காப்புரிமைகளை 2030 வரை யாரும் ராயல்டி இல்லாமல் பயன்படுத்தலாம் என்றது. தாராள மனசு என்று நினைத்துக்கொண்டே அறிவிப்பின் அடுத்த வரிக்குப் போனேன். அதை வண்டியில் பொருத்தத் தொழில்நுட்ப உதவி வேண்டுமா? அதற்குக் கட்டணம் உண்டு.